யார் ஜெயிப்பார்கள்?

ஜவளகிரிப் பக்கம் இரண்டு பள்ளிகள் ஃபுட்பாலில் மோதுகின்றன என்றால் முதல் நாளே டீக்கடையில் ரிசல்ட் வந்துவிடும்! "போன வருஷம் நாமதானே ஜெயிச்சோம்" என்பதுதான் ஒரே ஆதாரம்.

பள்ளி அணிக்கு இந்த ஆதாரம் செல்லாது. போன வருஷம் கோல் போட்ட பிளஸ் டூ பையன் இப்போது ஓசூரில் ஏதோ கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். ஜெர்சி அதேதான், ஆள் வேறு.

சரி, பழைய கணக்கு நிறைய இருந்தால் கணிக்க முடியுமா? இலங்கையைப் பாருங்கள். கொழும்பு ராயல் கல்லூரியும் புனித தோமஸ் கல்லூரியும் 1879-லிருந்து கிரிக்கெட்டில் மோதி வருகின்றன. வெற்றிகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். கிட்டத்தட்ட பாதி ஆட்டங்கள் டிரா! அப்படியானால் 'டிரா' என்று சொல்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் சொல்லிப் பாருங்கள், இரண்டு பக்கமும் உதைக்க வருவார்கள்.

1885-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. ராயல் 9 ரன்னுக்கு ஆல் அவுட். இரண்டாம் நாள் ராயல் ஆட மறுத்துவிட்டது. தோமஸ் கணக்கில் அது வெற்றி, ராயல் கணக்கில் டிரா. முடிந்துபோன ஆட்டத்துக்கே முடிவு இல்லை, நாளைய ஆட்டத்துக்கு எங்கே போவது?

ஆனாலும் டீக்கடை ஜோசியம் நிற்க வேண்டாம். பிளஸ் டூ பையனுக்கு இதுதான் கடைசி ஆட்டம். "நீதாண்டா ஜெயிப்பே" என்பது அவனுக்குக் கணக்கு இல்லை, தைரியம். ஒருவேளை தோற்றுவிட்டால், அப்படிச் சொன்னவர்களே முதலில் ஓடிப்போய் அவன் தோளில் கை போடட்டும். அவனுக்கு அடுத்த வருஷம் கிடையாது.