வேலையை விட்டாலும் உழைத்த கூலி நம்முடையதே!

வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கத்து மானாவாரி ஊர்களில் காட்டு வருமானத்தை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்கள் குறைந்துவிட்டன. மழை பெய்தால் நிலக்கடலை, சோளம், கொஞ்சம் துவரை. பெய்யாவிட்டால் நூற்பாலை வேன் வாசலுக்கு வந்து நிற்கும். மகனோ மகளோ மில்லுக்குப் போய்ச் சம்பாதிப்பதுதான் விதைக்கடலைக்கும் உழவுக் கூலிக்கும் கைக்காசாகிறது. அந்தச் சம்பளம் நின்றுபோனால் மில் கணக்கு மட்டும் நிற்பதில்லை, அடுத்த பட்டமும் சேர்ந்து நின்றுபோகிறது.

அப்படி ஒரு குடும்பம், நின்றுபோன சம்பளத்தைக் கேட்டு வாங்கிய கதை இது. அவர்களுக்கு இரண்டே கால் ஏக்கர், ஒரு கிணறு. கிணறு வற்றியதால் போர் போட வேண்டி வந்து, வீட்டம்மாவின் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்தில் அடமானத்துக்குப் போயிருந்தது. மூத்த மகள் பிளஸ் டூ முடித்ததும் 2016 ஏப்ரலில், புரோக்கர் மூலமாக ஒரு நூற்பாலையில் சேர்ந்தார். தங்குவது மில் விடுதியில். நாள் சம்பளம் கடைசியாக 320 ரூபாய். மாதாமாதம் சம்பளத்தில் 1,000 ரூபாயைச் 'சேமிப்பு' என்று பிடித்துக்கொண்டார்கள். மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று பேச்சு. எழுத்தில் எதுவும் கிடையாது.

இரண்டு வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு இறுக்கமும் இருமலும் வந்துவிட்டது. லீவு முடிந்து உள்ளே போன முதல் நாள் மூச்சு வாங்கும், பிறகு கொஞ்சம் தணியும். பஞ்சுத் தூசியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது வருவதுண்டு. 'தூசி இல்லாத இடத்துக்குப் போம்மா' என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 2018 ஜூன் 15-ம் தேதி பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மே மாதம் 26 நாள், ஜூனில் 13 நாள், ஆக 39 நாள் சம்பளம் பாக்கி. அது 12,480 ரூபாய். பிடித்து வைத்த சேமிப்பு 25 மாதத்துக்கு 25,000 ரூபாய். மொத்தம் 37,480 ரூபாய்.

கேட்டில் நின்ற நாட்கள்

தகப்பனார் நான்கு முறை மில்லுக்குப் போனார். முதல் முறை, 'மேனேஜர் வெளியூர் போயிருக்காரு.' இரண்டாம் முறை, 'பத்தாம் தேதிக்கு மேல வாங்க பெரியவரே.' மூன்றாம் முறை வாட்ச்மேன் கேட்டையே திறக்கவில்லை. நான்காம் முறை ஒரு சூப்பர்வைசர் வந்து, 'மூணு வருசம் முடிக்காம போனா சேமிப்பு கிடையாது. சொல்லாம நின்னதால ஒரு மாசச் சம்பளமும் கழிஞ்சிரும். விடுதிச் செலவு வேற இருக்கு. கணக்குப் பாத்தா நீங்கதான் தரணும்' என்றார்.

அந்த நான்கு நாளும் காட்டு வேலை கெட்டது. ஆடிப்பட்டத்துக்கு உழவு ஓட்ட வேண்டிய நேரம். 'போனா போகுது, பிள்ளை உசுரோட வந்துச்சே' என்று அம்மா சொன்னார். நம் வீடுகளில் பெரும்பாலான பாக்கிகள் இந்தச் சொல்லோடுதான் முடிந்துபோகின்றன.

அந்த வீட்டில் அப்படி முடியாததற்குக் காரணம் ஒரு நோட்டு. பள்ளிக்கூடத்தில் மீந்துபோன நாற்பது பக்க நோட்டில், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் மகள் எழுதி வைத்திருந்தார். தேதி, எந்த ஷிஃப்ட், கூடுதலாக எத்தனை மணி நேரம், லீவு என்றால் என்ன காரணம். சம்பளச் சீட்டுகளைத் தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பத்தொன்பது சீட்டு இருந்தது, ஆறு தொலைந்திருந்தது. ஆனால், பேங்க் பாஸ்புக்கில் 25 மாதமும் மில்லிலிருந்து பணம் ஏறிய வரிகள் இருந்தன. மில் அடையாள அட்டையும் கையில் இருந்தது.

ஊரில் ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, 'வாயால கேட்டது போதும்ணே, இனி தாளால கேளுங்க' என்றார்.

ஒரு பக்கக் கடிதம்

கடிதத்தில் கோபம் ஒன்றும் இல்லை. எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் நின்றார், உடல்நலக் காரணம், எத்தனை நாள் சம்பளம் பாக்கி, மாதம் எவ்வளவு பிடித்தார்கள், மொத்தம் எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும், 15 நாளில் தர வேண்டும். அவ்வளவுதான். மகளே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகல் எடுத்துக்கொண்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் மில் முத்திரையோடு ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. ஆனால், கேட்கவே இல்லை என்று மில் இனிச் சொல்ல முடியாது.

அடுத்தது வேடசந்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழு. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987-ன்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. வக்கீல் ஃபீஸுக்குப் பயந்தே வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

வக்கீலம்மா முதலில் கேட்டது தேதியைத்தான். அப்போது நடைமுறையில் இருந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1936-ன்படி, பாக்கியை 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும். சட்டம் அனுமதிக்காத எந்தப் பிடித்தமும் செய்யக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 39 நாள் சம்பளத்துக்குக் கெடு இருந்தது. சேமிப்புப் பிடித்தத்தில் பழைய மாதங்கள் கெடு தாண்டியிருந்தன. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை அதிகாரி ஏற்கலாம் என்பதால், 'மூன்று வருட முடிவில் மொத்தமாகத் தருவதாகச் சொன்னதை நம்பி இருந்தோம்' என்று மனுவில் சேர்த்தார். நமக்குத் தெரிந்த விஷயம்தான் இது. பட்டம் தப்பி விதைத்தாலும் ஒருசில வருடம் விளையும், ஆனால் அதை நம்பி யாரும் விதைப்பதில்லை.

ஊருக்குள் வந்த சங்கடம்

மனு போட்ட பத்தாம் நாள் புரோக்கர் வீட்டுக்கு வந்தார். 'பத்தாயிரம் வாங்கித் தர்றேன், முடிச்சுக்கங்க. இல்லைன்னா இந்த ஊர்ப் பிள்ளைகளையே இனி எடுக்க மாட்டாங்க' என்றார். அதே மில்லில் இந்த ஊரிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வேலையில் இருந்தார்கள். அவர்களுடைய தாய்மார்கள் தண்ணீர்க் குழாயடியில் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். 'உம் மகளுக்காக எம் மகளைப் பலி குடுக்கணுமா மதினி?' என்று ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டார்.

அது நியாயமில்லாத கேள்வி என்று சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டின் பாக்கியைக் கேட்டால் இன்னொரு வீட்டின் வேலை போய்விடும் என்ற பயம் இருப்பதால்தான் பாக்கி வைப்பவர்கள் தைரியமாக வைக்கிறார்கள். தகப்பனார் இரண்டு நாள் தூங்கவில்லை. வாபஸ் வாங்கிவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. மகள்தான், 'நான் இருமி இருமிச் சேத்த காசுப்பா. பத்தாயிரத்துக்கு விட்டா, அந்த ரெண்டு பேருக்கும் நாளைக்கு இதே கணக்குத்தான்' என்றார்.

விசாரணையில் நடந்தது

முதல் வாய்தாவுக்கு மில் தரப்பில் யாரும் வரவில்லை. இரண்டாவதுக்கு ஒரு கிளார்க் வந்து நேரம் கேட்டார். மூன்றாவதில் சூப்பர்வைசர் சொன்ன அதே மூன்று காரணங்களைச் சொன்னார்கள். அதிகாரி மூன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார். 'அந்தப் பொண்ணு சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்ட தாள் எங்கே?' தாள் இல்லை. இவர்கள் பக்கம் நோட்டு, சீட்டு, பாஸ்புக், ஒப்புகை அட்டை எல்லாம் வரிசையாக இருந்தன. நோட்டில் எழுதியிருந்த நாட்களும் மில் கொண்டுவந்த வருகைப் பதிவும் மே மாதத்தில் ஒரு நாள்கூட மாறாமல் ஒத்துப்போயின.

நான்காம் வாய்தாவில் மில் இறங்கி வந்தது. சம்பளப் பாக்கி 12,480 ரூபாயை அன்றைக்கும், சேமிப்பு 25,000 ரூபாயை அடுத்த மாதமும் செக்காகத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அப்போதும் ஒரு தாளை நீட்டி, 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டுருங்க' என்றார்கள். வக்கீலம்மா தடுத்துவிட்டார். அன்று வாங்கிய தொகை, செக் எண், தேதி, மீதம் எவ்வளவு என்று எழுதிய பிறகே கையெழுத்து. நஷ்டஈடும் கேட்டிருக்கலாம். இன்னும் அலைய முடியாது என்று குடும்பமே அதை விட்டுக்கொடுத்தது. தை மாதக் கடைசியில் முதல் செக், மாசியில் இரண்டாவது. இரண்டும் பணமாகின.

பி.எஃப். தனிக் கணக்கு. அது மில்லிடம் இல்லை, வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் இருக்கிறது. ஆதாரும் வங்கிக் கணக்கும் யு.ஏ.என். எண்ணோடு இணைந்திருந்தால், பழைய முதலாளியின் கையெழுத்து இல்லாமலே விண்ணப்பிக்கலாம். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் செக் எங்கே போனது?

அந்த வருடம் கடலை பறித்தது கார்த்திகையில். ஒன்பது பெண்கள் இரண்டு நாள் வேலை பார்த்தார்கள். ஆளுக்கு நாள் கூலி 200 ரூபாய், மொத்தம் 3,600. வியாபாரி காய் எடுத்துப் போய்ப் பாதிப் பணம்தான் கொடுத்திருந்தார். அதனால் தகப்பனாரும் கூலியை, 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளிக்கொண்டே வந்தார். மார்கழியும் போய், தையும் வந்துவிட்டது.

முதல் செக் வந்த அன்று சங்கிலிக்கு வட்டி கட்டப் புறப்பட்டவரை மகள் நிறுத்தினார். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது பெயரும், எதிரே 400, 400 என்று எழுதியிருந்தது. 'இதுவும் பாக்கிதானப்பா' என்றார். சாயங்காலம் ஒன்பது வீட்டுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். கூலி வாங்கியவர்களில் ஒருத்தி, குழாயடியில் பேச்சை நிறுத்திய தாய். 'நாங்க மறந்தே போனோம்ணே' என்று அவர் சொன்னார். யாரும் மறக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வியாபாரி தராததற்கும் களத்தில் குனிந்து நின்றவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. விலை இறங்குவது, காசு தாமதமாவது எல்லாம் நிலத்துக்காரர் கணக்கில் வர வேண்டியவை. கூலியை அதோடு கட்டிப்போட்டால், மில் நம்மிடம் சொன்ன காரணத்தைத்தான் நாமும் சொல்கிறோம்.

இப்போதைய சட்டம்

பழைய ஊதியச் சட்டங்களுக்குப் பதிலாக, ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

* வேலையிலிருந்து நீக்கினாலும், நாமே ராஜினாமா செய்தாலும், நின்ற நாளிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளத்தைத் தர வேண்டும்.
* பாக்கியைக் கேட்க மூன்று ஆண்டு வரை கெடு உண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நாளாக ஆக சாட்சியும் சீட்டும் தொலையும்.
* சம்பளம் கொடுத்துவிட்டோம் என்பதை நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு.
* கேட்புத் தொகையோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு தர உத்தரவிட அதிகாரிக்கு இடம் உண்டு. மனுவை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.
* கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குச் சேர்ந்து, அவர் சம்பளம் தராமல் போனால், நிறுவனமே பொறுப்பு.

எங்கே போவது என்று தெரியாவிட்டால், மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு முதலில் போகலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கும்.

பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும்போது துணிமணி, தட்டு, தலையணையோடு ஒரு நோட்டையும் பேனாவையும் சேர்த்து வையுங்கள். சம்பளச் சீட்டை மாதாமாதம் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் எதற்காகவும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அதேபோல் களை எடுக்கவும் கடலை பறிக்கவும் ஆள் கூப்பிடும் நாளில், நம் வீட்டிலும் ஒரு நோட்டு திறந்திருக்கட்டும்.