செந்தூர் மணலும் ஓர் எனாமல் தட்டும்

திருச்செந்தூருக்கு நீங்கள் எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். கடலில் முழுகி, நாழிக் கிணற்றில் நீராடி, பன்னீர் இலையில் விபூதி வாங்கி, திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டியும் வாங்கி வந்திருப்பீர்கள். ஆனால் ஓர் எனாமல் தட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனதுண்டா? நான் போனேன். சிரிக்காதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள். வருஷம் தவறாமல் செந்தூர் போனவள். இப்போது முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நான் புறப்படுகிறேன் என்றதும், உள்ளே போய் நீல விளிம்பு வைத்த வெள்ளைத் தட்டு ஒன்றைக் கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் கடற்கரையில் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்ட தட்டு.

"மருமவனே, நீதான் படம் எழுதுவேல்லா? இதிலே கோயிலை எழுதிக்கிட்டு வா. காகிதம்னா கரையான் அரிச்சிரும். இதுன்னா தினமும் கண்ணு முன்னாலே இருக்கும்" என்றாள்.

திருநெல்வேலியிலிருந்து ரயிலில் சுமார் 60 கிலோமீட்டர். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரை தாமிரபரணியின் கைங்கரியத்தால் வயலும் வாழையும் கண்ணைக் குளிர்விக்கும். நாசரேத், குரும்பூர் தாண்டினால் பனைமரங்கள். ஆறுமுகநேரிக்கு வந்துவிட்டால் உப்பளங்கள். அப்புறம் காற்றிலேயே கடல் வாசனை வந்துவிடும்.

தரிசனம் முடித்து, ஒன்பது நிலைக் கோபுரம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து மணலில் உட்கார்ந்தேன். தட்டில் பென்சிலை வைத்து இழுத்தேன். கோடு விழுந்தால்தானே! பென்சில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அழுத்தினேன், முனை முறிந்தது. சீவினேன், மறுபடி முறிந்தது. அத்தையின் முகம் என் கண் முன்னால் வந்தது. வெறும் தட்டோடு எப்படித் திரும்புவது?

மனம் சோர்ந்து பக்கத்துக் காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்கார ஆச்சி, பழைய எனாமல் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் முதுகில் பென்சிலால் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்! எழுத்து அச்சுப் போல விழுந்துகொண்டிருந்தது.

"ஆச்சி, உங்கள் தட்டில் மட்டும் எப்படி எழுதுகிறது?"

"தினமும் மண்ணு போட்டுல்லா தேய்க்கேன்! பளபளப்புப் போனாத்தான்யா எழுத்துப் பிடிக்கும்."

ஆச்சி சொன்னதில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. எனாமல் என்பது வேறொன்றுமில்லை, கண்ணாடிதான். கண்ணாடிப் பொடியை இரும்புத் தகட்டின்மேல் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்ட வைக்கிறார்கள். பென்சிலில் இருப்பதை ஈயம் என்கிறோம். அதில் ஈயம் மருந்துக்கும் கிடையாது. அது கிராபைட் என்ற கரி. களிமண்ணோடு சேர்த்துச் சுட்டது. காகிதத்தின் மேடு பள்ளங்கள் அரம் போல் அந்தக் கரியை அராவி எடுப்பதால்தான் கோடு விழுகிறது. வழுவழுப்பான கண்ணாடியில் அராவுவதற்கு என்ன இருக்கிறது?

கரையில் நன்றாகப் பாருங்கள். வெள்ளை மணலுக்கு நடுவே கறுப்பாகவும் சிவப்பாகவும் கோடுகள் ஓடும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். வெள்ளை எனாமலுக்கு வெண்மை தரும் டைட்டானியம் ஆக்ஸைடை இல்மனைட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். கார்னெட்டோ உப்புத்தாளுக்கு உதவும். இந்த மணலுக்கு இருந்த கிராக்கியையும், 2013-ல் தமிழக அரசு தாதுமணல் அள்ளத் தடை போட்டதையும் நீங்கள் அறிவீர்கள். பென்சில் கரியும் தூரத்துச் சரக்கல்ல: சிவகங்கைப் பக்கத்துப் பூமியில் கிராபைட் உண்டு, கடலுக்கு அக்கரையில் இலங்கையின் கிராபைட்டோ உலகப் பிரசித்தம்.

ஈர மணலைத் தட்டில் போட்டு, ஓர் ஓட்டாஞ்சில்லால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். தோள்பட்டை விட்டுப்போயிற்று. ஆனால் கழுவித் துடைத்ததும் தட்டு, பால் ஆடை போல் மங்கலாக இருந்தது. மெதுவான 4பி பென்சிலை எடுத்தேன். ஆகா! கோடு கறுப்பாக, அழகாக விழுந்தது. வெயில் சாய்வதற்குள் கோபுரமும் அலையும் தட்டுக்குள் வந்துவிட்டன.

நீங்களும் முயன்று பாருங்கள். ஆனால் சாப்பிடுகிற தட்டு வேண்டாம். ஒதுக்கி வைத்த பழைய தட்டாக இருக்கட்டும். புறங்கை படாமல் வரையுங்கள், பட்டால் கலைந்துவிடும். எனாமல் ஓவியர்கள் இப்படி வரைந்ததைச் சூளையில் வைத்துச் சில நிமிஷம் சுடுகிறார்கள். கண்ணாடி இளகிக் கோட்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பிறகு கழுவினாலும் போகாது. சூடு மிஞ்சினால் கோடே எரிந்து போகும்!

தட்டைக் கண்டதும் அத்தை வாய் திறந்து பேசவில்லை. விபூதி இட்ட கையாலேயே கோபுரத்தைத் தடவினாள். ஓரத்தில் கோடு கொஞ்சம் கலைந்தது. நான் பதறிப் போனேன்.

"தொடாதீங்க அத்தை, அழிஞ்சு போகும்! சூளையிலே கொடுத்துச் சுட்டுத் தரேன். அப்புறம் எந்தக் காலத்திலும் அழியாது."

"சூளையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அத்தை. "அழிஞ்சாத்தான் என்ன? நீ இன்னொரு வாட்டி செந்தூர் போய் எழுதிக்கிட்டு வருவேல்லா!"