சாவியை வாங்கி வைப்பது யார்?

சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும், நத்தாரும் ஆங்கிலப் புத்தாண்டும் கடந்ததும் கொழும்பிலுள்ள பத்திரிகை அலுவலகங்களுக்கு இரண்டு எண்ணிக்கைகள் வந்துசேரும். மதுபோதையில் வாகனம் செலுத்திக் கைதான சாரதிகளின் எண்ணிக்கை பொலிஸாரிடமிருந்து வரும். விபத்துகளில் காயமடைந்து அனுமதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவிலிருந்து வரும். பல தசாப்தங்களாகச் செய்திகளோடு வாழ்ந்துவரும் எனக்கு அந்தச் செய்தியின் வாசகங்கள் ஏறத்தாழ மனப்பாடம். ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை எண்கள் மாத்திரமே.

முதலாவது எண்ணிக்கை கூடினால் பொலிஸார் கடமையைச் செய்தார்கள் என்று திருப்தியடைகிறோம். ஆனால், கைதான ஒவ்வொருவரும் பிடிபடும் கணம் வரை பிறருடைய பிள்ளைகள் நடமாடும் வீதியில் போதையுடன் வந்துகொண்டிருந்தவர் என்பதை மறந்துவிடுகிறோம். கைது என்பது தடுப்பு தோற்றுப்போன பின்னர் எடுக்கப்படும் நடவடிக்கை. உண்மையான தடுப்பு, வாகனத்தின் சாவியைத் திருகுவதற்கு முன்னரே நிகழவேண்டும்.

இலங்கையில் சட்டம் இல்லாமலில்லை. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே சாரதிகளுக்கான எல்லை. இதே எல்லையைத்தான் பிரித்தானியா 1967 இல் வகுத்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் சுவாசப் பரிசோதனையை நடைமுறைப்படுத்திய போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் அம்மையார், வாகனம் ஓட்டத் தெரியாத ஒரு பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்ற ஏளனத்தைச் சந்திக்க நேர்ந்தது. அவர் அசைந்துகொடுக்கவில்லை. ஸ்கொட்லாந்து 2014 டிசம்பரில், பண்டிகைக்காலம் சூடுபிடிப்பதற்கு முன்னதாக, அந்த எல்லையை 50 மில்லிகிராமாகக் குறைத்தது.

எல்லையை விட முக்கியமானது, மறிக்கப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பர் 17 ஆம் திகதி, நத்தாருக்கு ஒரு வாரம் இருக்கையில், சந்தேகம் எதுவுமின்றியே எந்தச் சாரதியையும் நிறுத்திப் பரிசோதிக்கும் முறையைத் தொடங்கியது. வீதி மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. தண்டனை கடுமையாக இருந்ததை விட, பரிசோதனை நிச்சயமாக நடக்கும் என்ற எண்ணமே சாரதிகளை மாற்றியது. கனடாவும் 2018 டிசம்பர் 18 முதல் சந்தேகமின்றிப் பரிசோதிக்கும் அதிகாரத்தைப் பொலிஸாருக்கு வழங்கியது. ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர்கள் விருந்துக்குப் புறப்படும்போதே இன்று யார் குடிக்காமல் இருந்து வாகனம் ஓட்டுவது என்று தீர்மானித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் ஊருக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

நமது நாட்டில் பலூனைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸார் பிரதான வீதிகளில் நிற்பார்கள். ஊர் ஒழுங்கைகளில் யார் நிற்பது? சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டு மதுபானசாலைகள் மூடப்படுவது வழமை. அதற்கு முதல்நாள் அவற்றின் முன்னால் நிற்கும் வரிசையைக் கண்டவர்களுக்கு அந்த மூடலின் பயன் என்னவென்று விளங்கும். போத்தல்கள் வீடுகளுக்கு வந்துவிடுகின்றன. காலையில் மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேஷம் வாங்கிய கைகள் மாலையில் மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் போதையுடன் பிடிக்கின்றன.

அளவாகத்தானே குடித்தேன், தேசிக்காய்ச் சாறு குடித்துவிட்டேன், குளித்துவிட்டேன், ஒரு கோப்பி குடித்தால் சரியாகிவிடும் என்பவையெல்லாம் நாம் அன்றாடம் கேட்கும் சமாதானங்கள். இரத்தத்திலுள்ள மதுசாரத்தை அகற்றுவது பெரும்பாலும் ஈரலின் வேலை. சராசரியாக மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற வேகத்திலேயே அது குறையும். கோப்பியோ குளிர்ந்த நீரோ அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. நள்ளிரவில் 180 மில்லிகிராமுடன் படுத்த ஒருவர் காலை 6 மணிக்கு எழும்போது ஏறத்தாழ 90 மில்லிகிராமுடன் எழுகிறார். முகம் கழுவி, திருநீறு பூசி, குடும்பத்தோடு கோயிலுக்குப் புறப்படும் அவர் சட்டத்தின் கண்ணில் இன்னமும் போதையில் இருப்பவரே. இது அவருக்கே தெரியாது என்பதுதான் ஆபத்து.

நித்திரையின்மையும் இன்னொரு போதையே. 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்திறன், 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவருடைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்டுநாயக்காவில் உங்களை ஏற்றிக்கொண்டு இரவிரவாக ஏ9 வீதியில் வரும் வான் சாரதி, அன்று பகல் முழுவதும் வேறொரு ஓட்டத்தில் இருந்திருக்கக்கூடும். அவரிடம் எப்போது நித்திரை கொண்டீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. வழியில் அவருக்கு ஒரு மிடறு ஊற்றிக்கொடுப்பது உபசாரமும் அல்ல. ஐஸ் போன்ற போதைப்பொருட்களின் பாவனையும் பரவியிருக்கும் இக்காலத்தில், மதுசாரத்தை மாத்திரமே காட்டும் பலூனை நம்பி நாம் நிம்மதியாக இருக்கவும் முடியாது.

அப்படியானால் வழி என்ன? வடமராட்சியில் ஓய்வுபெற்ற அதிபரான நண்பர் ஒருவர், சில வருடங்களுக்கு முன்னர் தமது மகனின் திருமணத்துக்கு மறுநாள் இரவு விருந்து வைத்தார். குடிப்பவர்களைத் தடுக்கமுடியாது என்பதை அறிந்தவர். வாசலில் ஒரு வெற்றிலைத் தட்டத்தை வைத்து, போத்தல் இருக்கும் பக்கம் போக விரும்பும் ஒவ்வொருவரும் சாவியை அதில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்றார். முற்றத்தில் பாய்களும் விரித்திருந்தார். வீடு திரும்ப விரும்புவோருக்காக இரண்டு முச்சக்கரவண்டிகளையும் ஒழுங்குசெய்திருந்தார்.

இளைஞர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னை நம்பேல்லையோ சேர்?” என்று கேட்டார்.

“உம்மை நம்புறன் தம்பி. உள்ளுக்கு இறங்கப்போறதைத்தான் நம்பேலாமக் கிடக்கு” என்றார் அதிபர்.

சாவி தட்டத்தில் விழுந்தது. கோபித்துக்கொண்டு திரும்பிப்போனவர்களும் இருந்தார்கள். அது பற்றி அவர் கவலைப்படவில்லை.

அவர் சட்டம் எதையும் இயற்றவில்லை. குடித்த பின்னர் எடுக்கப்படும் தீர்மானத்தை, முதல் கோப்பைக்கு முன்னதாகவே எடுக்கச் செய்தார். அவ்வளவுதான். போதையில் இருப்பவருடன் சாவிக்காக வாதாடி வென்றவர்கள் அரிது. நிதானமாக இருக்கும்போது கேட்டால் அநேகர் கொடுத்துவிடுவார்கள்.

இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கும் அதிகமானோர் வீதிகளில் மடிந்திருக்கிறார்கள். ஷெல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிப் பிழைத்து, 2009 க்குப் பின்னர் பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய்மாருக்கு, செப்பனிடப்பட்ட வீதியில் அந்தப் பிள்ளையை இழப்பதென்பது என்ன என்பதை நான் எழுதி விளங்கவைக்கவேண்டியதில்லை.

பொலிஸார் நடுச்சாமத்தில் நம் வீட்டு முற்றத்துக்கு வரமாட்டார்கள். அங்கே பொறுப்பு, ஊற்றிக்கொடுப்பவருக்கே உரியது. விருந்துக்கு அழைக்கும் உரிமை உள்ளவருக்கு விருந்தாளியின் சாவியைக் கேட்கும் உரிமையும் உண்டு. வரும் பண்டிகையின் போது உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு தட்டத்தை வையுங்கள்.