நம்பிக் கேட்கும் கேள்வி

ஒக்கூர், 8 ஜூலை 2024, திங்கள்

திருநங்கையான என் தம்பி மகள் மதுரையிலிருந்து முகம் வாடி வந்தாள். பாலின மாற்று ஆபரேஷனுக்கு மனநல மருத்துவரின் சான்று வேண்டும் என்று ஒரு தனியார் டாக்டரிடம் போயிருந்தாள். சின்ன வயதில் பொம்மை வைத்து விளையாடினாயா, ஏன் வளையல் போடவில்லை, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் பொம்பளையா வாழ்ந்து காட்டு" என்று அனுப்பிவிட்டாராம்.

"பஸ்ஸுல, கடையில, வேலை பாக்குற இடத்துல, தினமும் அப்படித்தானே இருக்கேன். இன்னும் யாருகிட்ட காட்டணும் அத்தை?"

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வலிக்கிறது என்று சொன்னவளிடம் அதை நிரூபிக்கச் சொல்லிவிட்டு நான் மருந்து கொடுத்ததில்லை. ஒருவர் தன்னை ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று தானே அறிந்து சொல்லலாம், அதற்கு அறுவை சிகிச்சை நிபந்தனை ஆகாது என்று 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா எனப்படும் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றம் நம்பியதை மருத்துவர் நம்ப மறுப்பது என்ன நியாயம்?

11 ஜூலை, வியாழன்

இன்று அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பேசியவர் இளம் மனநல ஆலோசகர். உள்ளே நடந்ததைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளே சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை பெற வாய்ப்பில்லை என்று தெரியுமா, வேண்டுமானால் முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்று யாராவது சொன்னார்களா? புதிதாக அமைக்கும் வழி சுருங்காமல் இருக்க மாதக்கணக்கில் டைலேட்டர் வைக்க வேண்டும், அதற்குத் தனியறை இருக்கிறதா? தூக்கம் எப்படி? செத்துப் போகலாம் என்று தோன்றியதுண்டா? ஆபரேஷன் முடிந்து யார் வீட்டில் இருப்பாய்?

கேள்விகள் இவையும் கடினம்தான். ஆனால் எல்லாமே அவளை நம்பிக் கேட்டவை. நீ யார் என்பதை நீ சொல்லிவிட்டாய், இனி உனக்கு வரப்போவதை நாம் சேர்ந்து பார்ப்போம் என்ற இடத்திலிருந்து வந்தவை. மனச்சோர்வு இருந்தால் அதற்கு வைத்தியம் பார்க்கலாம். அதைக் காட்டி வழியை மூடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், பாலினப் பொருத்தமின்மை மனநோய்களின் அத்தியாயத்தில் இல்லை. அதே ஆண்டில் உலகத் திருநர் உடல்நல நிபுணர் சங்கம், முன்பு இரண்டு நிபுணர்களின் கடிதம் கேட்ட இடத்தில் ஒன்றே போதும் என்றது. அந்தச் சங்கத்தின் வழிகாட்டுதலைப் பின்பற்றிக் கையேடு வர வேண்டும் என்று நம் நாட்டின் 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே சொல்கிறது. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தருவது அரசின் கடமை என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

14 ஜூலை, ஞாயிறு

இன்று உட்கார்ந்து ஆபரேஷனுக்கான செலவுக் கணக்குப் போட்டோம். தமிழ்நாடு 2008-இலேயே நாட்டில் முதன்முதலாகத் திருநங்கையருக்குத் தனி நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குக் காசில்லை. இந்த வசதி வரும் முன்பு தாயம்மா என்னும் மூத்த திருநங்கையின் கையில் மயக்க மருந்தில்லாமல் நிர்வாணம் என்ற உறுப்பு நீக்கம் செய்துகொண்டவர்கள் எத்தனை பேர், பிழைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று திருநங்கையர் சமூகமான ஜமாத்தில் மூத்தவர்களைக் கேட்டால் தெரியும். அதிலிருந்து இதுவரை வந்தது பெரிய தூரம். ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு; அதற்குத் திருநர் அடையாளச் சான்று கையில் இருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் நோட்டில் விழுந்தவை வேறு செலவுகள். 2021 முதல் திருநங்கையருக்கும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. சிவகங்கையிலிருந்து மதுரைக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். உடன் இருப்பவருக்குச் சாப்பாடு, தங்கல். முகத்து முடி நீக்கும் லேசர். வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. நிர்வாணம் முடிந்தவருக்கு நாற்பது நாள் ஓய்வு என்பது ஜமாத்தின் வழக்கம். அந்த நாற்பது நாளும் அடுப்பு எரிய வேண்டுமே! இந்தப் பணத்துக்காக வட்டிக்கு வாங்கி, புண் ஆறும் முன்னே கடை கடையாகக் காசு கேட்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு கொடுத்த ஆபரேஷன் அங்கேதான் பாழாகிறது.

21 ஜூலை, ஞாயிறு

எங்கள் ஊர் சங்கப் புலவர் மாசாத்தியார், ஒரே மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய தாயைப் பாடினார். அவளை ஊர் இன்றும் மெச்சுகிறது. தன் பிள்ளை சொன்னதை நம்பி, இன்று ஆஸ்பத்திரிப் பையில் பழைய வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்தாள் என் தம்பி மனைவி. இதையும் ஊர் மெச்ச வேண்டும் என்பது என் ஆசை.

நாளை திங்கள், கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். மனு எழுதி முடித்துவிட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கொடுப்பது, வேலைக்குப் போக முடியாத நாளில் அவள் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதானே? அந்தப் படிவங்களை என் கையால் நிரப்பியவள் என்பதால் கேட்கிறேன்: இந்த ஆபரேஷன் செய்துகொள்பவருக்கும் ஓய்வுக்கால உதவித்தொகை வேண்டும், துணைக்கு ஒருவருக்குப் பயணச் செலவும் வேண்டும். இதோடு, ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் வேண்டும். வாசலில் நின்று விசாரிக்க அல்ல, புண் ஆறும்வரை கூட வர.