போர்வைக்குள் ஒரு ஹெரால்டு!

தேவதானப்பட்டியில் பார்க்க வேண்டியவை என்று லிஸ்ட் போட்டால் மூன்று தேறும். ஒன்று, மஞ்சளாறு அணை. இரண்டு, மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில். மூன்றாவது எந்த டூரிஸ்ட் மேப்பிலும் கிடையாது. எங்க மாமா வீட்டுக் கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும் ரெண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு!

'ஹெரால்டா... அது என்ன ஸ்போர்ட்ஸ் காரா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. அதே அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, அவர் கைவண்ணத்தில் 1962-ல் இறங்கியதுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆக, மாமாவின் வண்டி ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடப்பிறந்த அண்ணன். 1961 முதல் நம்ம மெட்ராஸில் தயாரான அண்ணன்!

வெள்ளிக்கிழமை தோறும் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோயிலுக்குப் போவது மாமாவின் வழக்கம். அத்தை தவறிப்போனதும் வண்டி மேல் ஒரு பிளாஸ்டிக் படுதாவைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். ஒரு வருஷம் அவிழ்க்கவே இல்லை.

மண்தரையிலிருந்து கிளம்புகிற ஈரம் பிளாஸ்டிக்கைத் தாண்டி வெளியேற முடியாது. ராத்திரிக் குளிரில் அது தகரத்திலேயே முத்து முத்தாகப் படியும். படுதாவை எடுத்தபோது பானெட்டில் அம்மை போட்ட மாதிரி பெயிண்ட் கொப்பளித்திருந்தது. கதவுக்கு அடியில் துரு.

மாமா அன்றைக்குக் கோயிலுக்கு நடந்தே போனார். அங்கே கருவறைக் கதவைத் திறப்பதில்லை. சாத்திய கதவுக்குத்தான் பூஜை. திரும்பி வந்தவர் சொன்னார்:

"கதவு சாத்தித்தான் இருக்கு மாப்ள. அதுக்காக ஒருநாளாச்சும் விளக்குப் போடாம விட்டாகளா? நான் மூடிவெச்சதோட மறந்துட்டேன்."

அடுத்த வாரமே லாரிக்குப் படுதா தைக்கிற டெய்லர் வந்து அளவெடுத்தார். வெளியே காடாத் துணி, உள்ளே ஃபிளானல். துணி என்பதால் ஈரம் வெளியேறும். மழையில் நனையும்தான்; மேலே கூரை இருக்கிறதே!

மாமாவின் சட்டங்கள் கறாரானவை. இன்ஜின் ஆறாமல் மூடக் கூடாது. தூசியோடு மூடவே கூடாது. ஆடி மாசம் கம்பம் கணவாய்க் காற்று கிளம்பினால் துணி படபடக்கும். இடையில் தூசி இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். அதனால் வயிற்றுக்கு அடியில் நாடா கொடுத்து, ஆடாமல் கட்டவேண்டும். இரும்புக் கொக்கிக்கு அனுமதி இல்லை.

எடுக்கும்போது ரெண்டு ஓரத்தையும் கூரை மேல் மடித்துப் போட்டு, முன்னாலிருந்து பின்னால் சுருட்டவேண்டும். அப்போதுதான் உள்பக்கம் மண்ணில் படாது. அடுத்த முறை பின்னாலிருந்து விரித்துக்கொண்டே வந்தால் போதும். ஒத்தை ஆளே மாட்டிவிடலாம்.

இப்போது வெள்ளிக்கிழமை ஆனால் போர்வை விலகுகிறது. கோயில் வரை போய்வருகிறது வண்டி. நான் ஊருக்குப் போனால் எனக்கும் இடமுண்டு; பின்சீட்டில்! ரெண்டு கதவு வண்டியில் முன்சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கித்தான் உள்ளே நுழையணும்.

முன்னால் மாமாவுக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் வரும். யாரும் கேட்பதில்லை.