நாங்கள் லீவென்றால் பட்டியலும் லீவு



எங்கள் பாடசாலை நூலகத்தின் இணையத்தளத்தை லெவன்டி என்ற மென்பொருளில் நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் செய்திருந்தோம். எக்செலில் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பை அது தானாக வாசிக்காது. ஜேசன் வடிவில் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கமா விடுபட்டாலும் தளம் உருவாகாது. ஆகவே நூலக டீச்சர் தரும் புத்தகப் பட்டியலை ஒவ்வொரு முறையும் நாங்களே மாற்றி எழுதினோம். நாங்கள் லீவென்றால் பட்டியலும் லீவு.

கடந்த விடுமுறையில், சிஎஸ்வி வந்தால் எப்படிப் பிரித்து வாசிப்பது என்று அமைப்புக் கோப்பில் சில வரிகள் சேர்த்தோம். முதல் தடவை தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. எக்செலில் ‘யூடிஎஃப்-8 சிஎஸ்வி’ எனச் சேமித்ததும் சரியாயின.

இப்போது டீச்சரே பட்டியலை மாற்றுகிறார். நாளை எங்களுக்கு இடமாற்றம் வந்தாலும் இந்த வேலை நிற்காது, இன்ஷா அல்லாஹ்.