அணைய மறுத்த எஞ்சின்

மறைமாவட்ட இதழில் மோட்டார் காரின் வயிற்றைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். 2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நாம் ஆற்றிய மறையுரைகளைவிட, பங்கு இல்லத்து வேப்பமரத்தடியில் எண்ணெய்க்கறை படிந்த சாக்கின்மேல் குந்தியிருந்து கேட்ட உரைகளே இன்றும் நம் நினைவில் நிற்கின்றன.

அந்தக் கார் நம் அண்ணனுடையது. 2009 ஏப்ரலில் திருச்சியில் வாங்கிய சுவிஃப்ட் டீசல். 2018-இல் அண்ணன் இறைவனில் துயில்கொண்டபின், அண்ணி சாவியைக் கொண்டுவந்து நம் கையில் வைத்தார். நாம் குருப்பட்டம் பெற்ற நாள்முதல் அவர் நம்மைத் 'தம்பி' என்பதை விட்டுவிட்டார். "விக்க மனசு வரலைங்க சாமி. உங்ககிட்டயே இருக்கட்டும், அவர் ஓட்டுன மாதிரி பாத்துக்குங்க" என்றார். டேஷ்போர்டுக்குள் நீலநிற அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று இருந்தது. அதைத் திறந்து பார்க்க அன்று நமக்கு நெஞ்சுரம் இல்லை.

அரும்பாவூரை அறியாதவர்களுக்காக ஒரு சொல். பச்சைமலையின் அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள பேரூர் இது. பெரிய ஏரி, சித்தேரி என இரண்டு ஏரிகள். சுற்றிலும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகள். ஊருக்குள் நுழைந்தால் உளிச்சத்தம் கேட்கும். வாகையிலும் வேம்பிலும் தெய்வ உருவங்களையும் தேர்ச்சிற்பங்களையும் செதுக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் கதையின் மெக்கானிக்கும் அத்தகைய சிற்பி ஒருவரின் மகனே. தகப்பனார் மரத்தைத் தட்டி அதன் உள்ளீட்டை அறிவார்; மகன் எஞ்சினைக் கேட்டு அறிவார்.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம். நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மலைமேல் மகள் வீட்டில் நோயுற்றுக் கிடப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். நோயில்பூசுதல் அருள்சாதனத்துக்கான எண்ணெயை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். காரை ஓட்டியவன் நம் உபதேசியாரின் மகன், இருபத்திரண்டு வயது, பேச்சுக் குறைந்த பிள்ளை. சோபனபுரத்திலிருந்து மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் கார் இழுவை இழந்தது. மெல்லிய விசில் ஒலி ஒன்று எழுந்தது. "சாமி, நிறுத்திப் பாக்கலாமா?" என்றான். நோயாளி காத்திருக்கிறார், போ என்றோம்.

டாப் செங்காட்டுப்பட்டியில் தேநீர்க்கடை முன்பாக நிறுத்திச் சாவியைத் திருகினான். எஞ்சின் அணையவில்லை. சாவி அவன் கையில் இருக்கிறது. எஞ்சினோ தானாகவே வேகம் கூடி அலறுகிறது. பின்னால் நீலமும் வெண்மையுமாய்ப் புகை எழும்பிக் கடையையே மறைத்தது. மக்கள் ஓடினார்கள். நாமும் ஓடினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளை ஓடவில்லை. பிரேக்கை முழுவதும் மிதித்து, நான்காம் கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென விட்டான். கார் முன்னோக்கி ஒருமுறை துள்ளி, பயங்கரமான ஓசையுடன் அடங்கிற்று.

நமக்குக் கேட்டதெல்லாம் அந்த ஓசைதான். கூடியிருந்த முப்பது நாற்பது பேர் நடுவே அவனைக் கடிந்துகொண்டோம். கண்டபடி ஓட்டிக் காரை நாசமாக்கிவிட்டாய் என்றோம். செத்துப்போன மனிதரின் பொருள், உனக்கென்ன தெரியும் என்றோம். இன்னும் ஒன்றும் சொன்னோம். அதை இங்கே எழுத நாணுகிறோம். அவன் தலைகுனிந்து நின்றான். யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஏறிப்போய் மூதாட்டிக்கு அருள்சாதனம் வழங்கினோம். "கோபத்துடன் வழங்கினாலும் அருள்சாதனம் செல்லும்" என்று குருமடத்தில் படித்தது அன்று சற்றே ஆறுதலாக இருந்தது. மறுநாள் முதல் காரோட்ட வரவேண்டாம் என்று உபதேசியாரிடம் சொல்லியனுப்பினோம். அவர் "சரிங்க சாமி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

காரை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். ஏப்ரலில் பதினைந்து ஆண்டு நிறைவு; அதற்குள் வாகன ஆய்வுக்குக் காட்டினால்தான் பதிவு மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்படும். புகைவிடும் காரை எவர் ஏற்பர்? நகரத்துப் பணிமனையில் புது டர்போ போட ஆகும் என்று சொன்ன தொகை, காரை விற்றால் வரும் தொகையில் பாதியை நெருங்கியது. பழையதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாம் என்று பங்குப் பேரவையில் சிலர் சொன்னார்கள். காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல், புத்தம்புதுக் கார்களில் குருக்களையும் கன்னியரையும் காண்பது தமக்கு வேதனை தருகிறது என்று குருமாணவர்களிடம் பேசினார். அதே ஆண்டில் வெரோனாவைச் சேர்ந்த குரு ஒருவர் அளித்த 1984-ஆம் ஆண்டு ரெனோ-4 காரை, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியதை, மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். அதனை நாம் பேரவைக்கு எடுத்துச் சொன்னோம். உண்மைக் காரணம் அதுவன்று. அண்ணியிடம் என்ன சொல்வது என்ற அச்சமே.

ஆகவே சிற்பியின் மகன் வேப்பமரத்தடிக்கு வந்தார். "இங்கயே பிரிச்சுடலாம் சாமி, கூட ஒரு கை இருந்தா போதும்" என்றார். அந்தக் கை நம்முடையதாயிற்று. ஐம்பது கடந்த வயதில் ஸ்பேனர் எண்களைக் கற்றோம்.

டர்போ என்பது யாது? எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. வீணாய்ப் போகும் மூச்சே புதுமூச்சை உள்ளிழுக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி இந்த எண்ணத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். செயலில் வெற்றிகாண அவருக்கு இருபது ஆண்டுகள் ஆயின. 1925-இல் ஒரு டீசல் எஞ்சினின் ஆற்றலை 1,750 குதிரைச்சக்தியிலிருந்து 2,500-க்கு உயர்த்திக் காட்டினார். இருபதாண்டுக் காத்திருப்பு! நாமோ மலைப்பாதையில் இரண்டு நிமிடம் நிறுத்தப் பொறுக்கவில்லை.

நம் காரில் உள்ளது ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1,248 சிசி எஞ்சின், 75 குதிரைச்சக்தி. 2007-இல் சுவிஃப்ட் காருக்கு வந்தது. டாட்டா, ஃபியட் எனப் பல பெயர்க் கார்களிலும் ஓடியதால் 'தேசிய எஞ்சின்' என்றே விளையாட்டாக அழைக்கப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 2020-இல் இந்தியாவில் அதன் உற்பத்தி நின்றது. அதன் டர்போ உள்ளங்கையில் அடங்கும். தண்டு விரலினும் மெலியது. அது நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. இத்தனை வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் நொடியில் அழியும். ஆதலால் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்தபடியே சுழல்கிறது. எண்ணெய் ஒன்றே அதன் உயிர்.

மெக்கானிக் டர்போவைக் கழற்றி நம் கையில் தந்து, தண்டை அசைத்துப் பார்க்கச் சொன்னார். ஆடும் பல்போல் ஆடிற்று. பின்பு இன்டர்கூலரைச் சாய்த்தார். காற்று மட்டுமே போகவேண்டிய பாதையிலிருந்து அரை டம்ளர் எஞ்சின் ஆயில் வடிந்தது.

"இதைத்தான் சாமி அன்னிக்கு எஞ்சின் குடிச்சிருக்கு. சாவியைத் திருகுனா டீசல் நின்னுடும்; ஆனா சீல் போன டர்போ வழியா ஆயில் உள்ள வந்துக்கிட்டே இருக்கும். அதையே டீசலா எரிச்சுக்கிட்டு, பிஸ்டன் உடையிற வரைக்கும் சுத்தும். யாரு கியர்ல போட்டு அமத்துனது?"

உபதேசியார் மகன் என்றோம்.

"கெட்டிக்காரப் பய. பெரிய பெரிய டிரைவரே இறங்கி ஓடிடுவாங்க. அவன் அமத்தலேன்னா இன்னிக்கு இதைக் காயலான் கடைக்கு எடை போட்டிருக்கணும்."

நாம் ஒன்றும் பேசவில்லை. அவர் காரின் அடியில் படுத்துச் சம்ப்பைக் கழற்றினார். ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையின் கண்கள் கருப்பட்டிப் பாகுபோன்ற கசடால் அடைந்திருந்தன. "டர்போ பசியில செத்திருக்கு. கடைசியா எப்போ ஆயில் மாத்துனீங்க?" என்று அடியிலிருந்தே கேட்டார்.

அப்போதுதான் நீல அட்டைக் குறிப்பேட்டைத் திறந்தோம். அண்ணனின் கையெழுத்து. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்பது விதி. அண்ணன் எட்டாயிரத்திலேயே மாற்றியிருக்கிறார். தேதி, கிலோமீட்டர், ஆயிலின் தரம், செலவு, எல்லாம் வரிசையாக. ஓரிடத்தில், 'ஏற்றம் ஏறி நின்றால் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கவும்' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். 2018-க்குப் பின் நம் கையெழுத்தில் மூன்றே மூன்று பதிவுகள். கடைசிப் பதிவுக்கும் அன்றைய கிலோமீட்டருக்கும் இடையே இருபத்தோராயிரம். ஆயில் மாற்றச் செல்லவேண்டும் என்று அந்தப் பிள்ளை நமக்கு இருமுறை நினைவூட்டியதும், திருவிழா முடியட்டும் என்று நாம் ஒத்திப்போட்டதும் அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தன. அணைக்கும்முன் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்வானே, அதற்கும் "டீசல் வீணாகிறது" என்று அதட்டியவர் நாமே.

அன்று மாலை உபதேசியார் வீட்டுக்கு நடந்தோம். திண்ணையில் அமர்ந்து, தவறு நம்முடையது, மன்னித்துக்கொள் என்றோம். பிள்ளை பதறி எழுந்து நின்றான். "ஐயோ விடுங்க சாமி" என்றான். அவன் தாயார் மட்டும் உள்ளிருந்து, "மலையில அத்தனை பேர் முன்னாடி கேட்டுட்டு வந்தான் சாமி, மூணு நாள் சரியா சாப்பிடல" என்றார். உபதேசியார் மனைவியை அதட்டினார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

பிறருடைய நற்பெயரைப் பொய்யால் கெடுத்தவன், தான் சொன்னது பொய் என்று அறிக்கையிட்டு அந்தப் பெயரை மீட்டுத்தர நீதியின்படி கடமைப்பட்டவன் என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. ஒப்புரவு அருள்சாதனத்தில் நாமே எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்! திண்ணையில் கேட்ட மன்னிப்பு மலைமேல் கெட்ட பெயரை எங்ஙனம் மீட்கும்?

மறுநாள் காலை அவன் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டான். அதன்பின் வேலை விரைந்தது. நாம் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பணிக்கு இறக்கப்பட்டோம். டர்போவின் உட்பகுதியை மட்டும் திருச்சியிலிருந்து தருவித்தோம். ஆயில் வரும் குழாயில் கசடு ஒளிந்திருக்கும் என்று அதையும் புதிதாக மாற்றினார்கள். ஸ்ட்ரெய்னரைக் கழுவி, சம்ப்பைத் துடைத்து, இன்டர்கூலரை அலசி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம்; அதில் ஆயில் தங்கினால் எஞ்சின் மறுபடியும் அணையாமல் ஓடும்.

பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் தொலைபேசியில் யோசனை சொன்னான்: எஞ்சினின் கணினியில் சிறு திருத்தம் செய்தால் 75 குதிரைச்சக்தியைத் தொண்ணூற்றுக்கு மேல் கூட்டலாமாம். மெக்கானிக் சிரித்தார். "கிழவருக்குப் பயில்வான் வேலை கொடுக்கச் சொல்றாரு." தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, 2019-இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது. அந்தப் பணத்தில் முன்பிரேக்குகளையும் நான்கு டயர்களையும் மாற்றினோம். மங்கிய முன்விளக்குகளைத் தீட்டித் தெளிவாக்கினோம். வேகம் கூட்டுவதைவிட நிறுத்தும் திறனைக் கூட்டுவதே இந்த மலைப்பக்கத்துக்கு ஏற்ற மேம்பாடு என்பது நம் கருத்து. இளைஞர்கள் மாறுபடலாம்.

எல்லாம் பூட்டியபின் உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. டர்போவில் சிறிது ஆயில் ஊற்றி, எரிபொருள் செல்லாதபடி இணைப்பைக் கழற்றிவைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை எஞ்சினை வெறுமனே சுற்றவிட்டார்கள். பிறகே இணைப்பைத் தந்தார்கள். ஒரு முறை கனைத்துப் பிடித்துக்கொண்டது. சற்றுநேரம் மிச்சப்புகை, பிறகு அதுவும் இல்லை. எதிரே நின்றிருந்த மெக்கானிக்கின் தகப்பனார் எஞ்சின்மேல் கைவைத்துப் பார்த்து, மரத்தைப் பற்றிச் சொல்வதுபோல், "சுதி சேர்ந்திருக்கு" என்றார்.

சாவியை அணைத்தபின்பும் ஒரு நிமிடம் எஞ்சினைத் தானே ஓடவைக்கும் கருவி ஒன்று உண்டாம். வாங்குவோமா என்று கேட்டோம். "எதுக்குங்க சாமி காசு? மூணு 'அருள்நிறைந்த மரியே' சொன்னா ஒரு நிமிஷம் சரியா இருக்கு. நான் கடிகாரம் வெச்சுப் பாத்துட்டேன்" என்றான் பிள்ளை.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவனையே ஓட்டச்சொல்லி மலையேறினோம். எங்கே போகிறோம் என்று அவன் கேட்கவில்லை. சோபனபுரம் தாண்டியதும் புரிந்துகொண்டான் போலும், முகம் இறுகிற்று. அதே தேநீர்க்கடை. சந்தை நாள்போல் கூட்டம். நாம் இறங்கி, கடைக்காரரிடம் சற்று உரத்த குரலிலேயே சொன்னோம்: அன்று இந்தப் பிள்ளையைத் திட்டினோமே, அது தவறு, எஞ்சினைக் காப்பாற்றியவன் இவன், கெடுத்தவர் நாம்.

கடைக்காரர் நம்மை ஏறிட்டுப் பார்த்தார். "என்னிக்குங்க சாமி?" என்றார்.

புகை வந்த அன்று என்றோம். "ஓ, அந்தக் காரா!" என்று காரைப் பார்க்க வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த முதியவர் ஒருவருக்கு மட்டும் நினைவிருந்தது. "நான் அப்பவே சொன்னேன், பையன் தைரியசாலின்னு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பிள்ளை இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அணைக்கச் சொல்லுங்க சாமி, டீசல் வீணாகுதில்ல?" என்றார் கடைக்காரர்.

கண்ணாடிக்குள் அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இன்னும் ஒன்று பாக்கி என்று விரலைக் காட்டினான். நாம் இரண்டு தேநீர் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம்.